மூட மறுத்த கேட்

ஹாலிஎலயில் வீரசிங்கம் முதலாளி வீட்டு கேட் தானாகவே திறக்கும், தானாகவே மூடும். ரிமோட்டை ஒரு தடவை அமுக்கினால் போதும். அந்தக் காலத்தில் பசறை வரை தேடினாலும் அப்படியொரு கேட் கிடையாது. வழியில் போகிறவர்கள் பஸ்ஸைக்கூடத் தவறவிட்டு நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

இராக்கம்மாவுக்கோ கேட்டைவிட, அதைப் பார்த்துக்கொள்ளும் அப்பாதான் அதிசயம். காவல்காரர் மாடசாமி தினமும் கேட் ஓடும் தண்டவாளத்தில் சருகும் கல்லும் இல்லாமல் கூட்டுவார். சக்கரத்துக்கு எண்ணெய் விடுவார். ரிமோட்டைத் துடைத்துத் துடைத்து வைப்பார். மகளுக்குக்கூட அவர் இவ்வளவு பொறுமையாகத் தலை வாரிவிட்டதில்லை!

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, முதலாளியின் கார் வெளியே போனது. திறந்த கேட் பிறகு மூடவே இல்லை.

மாடசாமி புது பேட்டரி போட்டார். தண்டவாளத்தை மறுபடி கூட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நாலு ஆடுகள் ரோஜாத் தோட்டத்தை நோக்கி வந்தன. மாடசாமி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வழியை மறித்தார்.

"அப்பா, இப்ப நீங்கதான் கேட்டு!"

"சிரிக்காத புள்ள. மத்தியானம் மொதலாளி வந்துருவாரு. கேட்டு கெட்டுப்போனா வேற ஆள் வச்சுக்கிறேன்னு இத மாட்டுன அன்னைக்கே சொல்லிட்டாரு."

இராக்கம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

கேட்டுத் தூணில் கண்ணாடிக் கண் ஒன்று உண்டு. குறுக்கே ஆளோ மாடோ நின்றால் அது பார்த்துவிடும், கேட் மூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். ஆனால் கார் போன பிறகு யாருமே குறுக்கே நிற்கவில்லையே!

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள்.

நேற்று பூசையில் விளக்குமாறு, எண்ணெய்க் குப்பி, அப்பாவின் டார்ச் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள் அவள்தான். கேட்டுக்கு முகம் மாதிரி இருந்தது அந்தக் கண் மட்டும்தான். அதன்மேல் குளிரக் குளிரச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"அப்பா... நான்தான் கெடுத்துட்டேன். கண்ணு மேலயே சந்தனம் பூசிட்டேன். யாரோ நிக்கிறாங்கன்னு கேட்டு நெனச்சுக்கிட்டு இருக்கு!"

மாடசாமி வாயைப் பிளந்தார். இராக்கம்மா பாவாடை நுனியை நனைத்துத் தூணிலிருந்த கண்ணை மெல்லத் துடைத்தாள். அப்பா ஒதுங்கி நின்று ரிமோட்டை அமுக்கினார். கடகடவென்று கேட் மூடியது. ஆடுகள் ஏமாந்து கத்தின.

மத்தியானம் முதலாளி வந்ததும் இராக்கம்மாவே முன்னால் போய் நடந்ததைச் சொன்னாள். மாடசாமி தலையைக் குனிந்து நின்றார்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "கொழும்புலேருந்து ஆள் வந்திருந்தாலும் இது தெரிஞ்சிருக்காதே! மாடசாமி, எனக்கு வேற ஆளே வேணாம்பா. நீயும் ஒம் மகளும் போதும்."

பிறகு ரிமோட்டை அவளிடம் நீட்டினார். "இந்தா, நீயே மூடு."

விரலில் சந்தனம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, இராக்கம்மா அமுக்கினாள்.