புளியமரத்தில் மோதிய டர்போ

டிரிங்... டிரிங்...!

அடுப்படியில் நின்ற ஜெயபாய் ஐந்தாவது மணிக்குத்தான் ரிசீவரை எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் தனுஷ்கோடி பேசுறேன்மா. உங்க அக்கா கார் ரெடி. ராஜபாளையம் ஒர்க்‌ஷாப்புக்கு வாங்க."

"வாரேன் சார்."

போனை வைத்தாள். பால் பொங்கி வழிந்திருந்தது. வெறுங்கையால் பாத்திரத்தை இறக்கினாள். விரல் சிவந்தது. வலிக்கவில்லை.

போன வாரத்திலிருந்து அவளுக்கு எதுவுமே வலிக்கவில்லை.

அக்கா செல்லக்கனி ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில், புளியமரத்தில் கார் மோதிச் செத்துப் போனாள். அதிவேகம் என்றார்கள். பதினாறாம் நாள் காரியம் முடியுமுன்பே, சொந்தக்காரர்கள் அத்தானை ஜெயபாய்க்குப் பேசி முடித்துவிட்டார்கள். அவள் சரியென்றும் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஒன்றே ஒன்றைத்தான் போலீசிடம் சொன்னாள்.

"அன்னிக்கு மத்தியானம் அக்கா போன் பண்ணினா சார். வண்டியில பிக்கப்பே இல்ல, மிதிச்சா கரும்புகைதான் வருதுன்னா. அந்த வண்டி எப்படி சார் அம்புட்டு வேகமாப் போயிருக்கும்?"

ஒர்க்‌ஷாப்பில் அந்தப் பழைய வெளிநாட்டு டர்போ கார் முகம் நசுங்கி நின்றது. இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் அத்தான் காசிராஜன். பேண்டேஜ் துணி கம்பெனி முதலாளி. ஒரு வாரத் தாடி.

"வா ஜெயா. சாப்பிட்டியா?"

"ம்."

மெக்கானிக் சமுத்திரம் பானெட்டுக்குள் தலையை விட்டார்.

"ரேடியேட்டரை மாத்தி ஓட வச்சிருக்கேன் சார். ஏர் ஃபில்டர் சுத்தமா இருக்கு. டீசல் ஃபில்டர்லயும் அடைப்பு இல்ல."

"டர்போ?" என்றார் தனுஷ்கோடி.

சமுத்திரம் உள்ளே விரலை விட்டுச் சுண்டினார். குட்டி விசிறி சரசரவென்று சுற்றியது.

"ஆட்டமே இல்ல. ஜோரா இருக்கு."

"அப்ப ஓட்டிப் பார்த்துருவோம்!"

அய்யனார் கோவில் ரோடு. ஏற்றம். சமுத்திரம் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

விர்ர்ர்...!

கார் பறந்தது! பின்சீட்டில் ஜெயபாயின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பொட்டுப் புகை இல்லை.

திரும்பி வந்து இறங்கியதும் காசிராஜன் பெருமூச்சு விட்டான்.

"பார்த்தியளா சார்? வண்டியில ஒரு குத்தமும் இல்ல. அவதான் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டியிருக்கா. கேஸை முடிச்சு விடுங்க. இந்தப் புள்ளையும் எம்புட்டுதான் தாங்கும்?"

தனுஷ்கோடி ஃபைலை மூடினார்.

ஜெயபாய் திறந்து கிடந்த பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னண்ணே? இது மட்டும் பளபளன்னு இருக்கு?"

"ஹோஸும்மா, ரப்பர் குழாய். டர்போ தள்ளுற காத்து இதுக்குள்ளதான் இன்ஜினுக்குப் போகும். இது கிழிஞ்சா, சும்மா நிக்கும்போது தெரியாது. மிதிச்சா வாயைப் பொளந்துரும். காத்தெல்லாம் வெளிய போய் பிக்கப் படுத்துரும்."

"இது புதுசா?"

"புத்தம் புதுசு. நான் மாத்தல, வண்டி வரும்போதே இதுதான் இருந்துச்சு."

ஜெயபாயின் குரல் தந்திச் செய்தியை வாசிப்பதுபோல வறண்டு வந்தது.

"அதே போன்ல அக்கா இன்னொண்ணும் சொன்னா சார், இப்பத்தான் ஞாபகம் வருது. ஹோஸு கிழிஞ்சிருக்கு, அத்தான் மதுரையில இருந்து புதுசு வாங்கியாருவாக... அதுவரைக்கும் வண்டியைத் தொட மாட்டேன்னா."

தனுஷ்கோடி மூடிய ஃபைலை மறுபடி திறந்தார்.

மெல்லத் திரும்பினார்.

"காசிராஜன்... நீங்க மதுரையில இருந்து எப்ப வந்தீங்க?"

"ரா... ராத்திரி. தகவல் வந்த பொறவுதான். நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன்."

"நீங்க வாங்குன ஹோஸ் மட்டும் உங்களுக்கு முன்னாலயே பஸ் ஏறி வந்து, தானா மாட்டிக்கிச்சாக்கும்?"

காசிராஜனின் நெற்றியில் வியர்வை!

"சார்... அது... வீட்டுக்கு வந்தேன்... வந்த இடத்துல சண்டை. கோவத்துல ஒரு தள்ளு தள்ளினேன். ஆட்டுக்கல்லுல மண்டை மோதி... மூச்சு இல்ல!"

"பொறவு?"

"ரோட்டுக்குக் கொண்டுபோய், ஸ்டீயரிங் முன்னால உக்கார வச்சு, ஆக்ஸிலேட்டர்ல கல்லை வச்சேன். வண்டி ஊர்ந்துச்சே ஒழிய ஓடல. அந்த வேகத்துல மோதிச் செத்தாள்னு எவன் நம்புவான்? அங்கனயே ஹோஸை மாத்தினேன்..."

"எதுக்குய்யா சண்டை?"

காசிராஜன் ஜெயபாயைப் பார்த்தான்.

"உன்னையும் கட்டிக்கிறேன்னு அவகிட்ட கேட்டேன் ஜெயா... உனக்காகத்தான்!"

ஜெயபாய் அவனை வெறித்தாள். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. சுட்ட விரல் மட்டும் மெல்ல எரிய ஆரம்பித்தது.

"நான் பஸ்ஸுல போய்க்கிறேன் சார்."

வெளியே நடந்தாள். காசிராஜன் தானாகவே இரண்டு கைகளையும் நீட்டினான்.

தனுஷ்கோடி வேண்டாமென்று தலையாட்டினார்.

"கைவிலங்கு கொஞ்ச நேரம் கழிச்சு... எங்க ஜீப்பைத் தள்ளுனாத்தான் ஸ்டார்ட் ஆகும். வாங்க, கை கொடுங்க!"