நாலாம் கொட்டகைச் சீம்பால்

செவ்வாய்க் கோளில் பிறக்கும் கன்று முதல் துள்ளலிலேயே கூரையில் முட்டிக்கொள்ளும். அதனால் தாய் நக்கி முடித்ததும் கன்றின் வயிற்றில் ஈயப்பட்டை கட்டுவது குமிழூர் வழக்கம். காதில் கடுகளவு குருதிமானி பொருத்துவது அடுத்த சடங்கு.

அந்த மாதம் குருதிமானிகள் ஓயாமல் அலறின. பத்து நாள் நன்றாகத் துள்ளிய கன்றுகள், காயமே இல்லாமல் மூக்கிலும் தோலிலும் ரத்தம் கசிந்து சாய்ந்தன. மூன்று கொட்டகைகளில் ஒன்பது கன்றுகள் போயின. நாலாம் கொட்டகைக் கன்று மட்டும் கொழுகொழுவென்று நின்றது.

அதைப் பார்த்துக்கொள்ளும் நாச்சிமுத்துவைத் தேடி நோயறி எந்திரத்தைத் தள்ளிக்கொண்டு மருத்துவர் மரகதம் வந்துவிட்டாள்.

"அண்ணா, உங்க கன்னுக்கு மட்டும் அப்படி என்ன குடுத்தீங்க?"

"நீங்க சொன்னதத்தானுங் டாக்டரம்மா."

உண்மை வேறு. ஈன்ற அன்றே சீம்பாலை ஒட்டக் கறந்தாயிற்று. மனைவி ரங்காத்தாள் அதை வெல்லமும் ஏலமும் போட்டு அவித்து, காற்றுக்குழாய் பார்ப்பவர் வரைக்கும் பங்கு வைத்தாள். கன்றுக்குக் கிடைத்தது கிடங்கின் மாவுப்பால். கன்றின் சீம்பாலைத் தொட்டவரை அடுத்த கப்பலில் பூமிக்கு ஏற்றிவிடுவது அங்கே சட்டம்.

அந்நேரம் பக்கத்துக் கொட்டகையில் அன்று பிறந்த கன்று ஒன்று தடுமாறி எழுந்து மடியைத் தேடியது. தன் கன்று குடிக்காதது என்ன என்பது நாச்சிமுத்துவுக்குச் சுரீரென்று உறைத்தது. ஒரே தாவலில் போய்க் கன்றை வாரிக்கொண்டார்.

"குடிக்க விடாதீங்க! எங்கன்னு சீம்பாலே குடிக்கலீங். நாங்க தின்னுபோட்டோமுங்!"

எந்திரம் பாலைச் சோதித்தது. தாய்க்குப் போட்ட புதுத் தடுப்பூசி, கன்றின் ரத்தத்தையே தாக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கியிருந்தது. அது சீம்பால் வழியே இறங்கியது. அந்தக் கன்று பிழைத்தது. கப்பலுக்குப் பதில் நாச்சிமுத்துவுக்குச் சால்வை கிடைத்தது. கன்றுக்குச் சீம்பால் கூடாது என்று சட்டமும் மாறியது. அன்றைக்கே கொட்டகை வாசலில் சீம்பாலுக்காகப் பாத்திரங்களோடு வரிசை நின்றது.

மறு ஆண்டு, அந்த ஊசியே போடாத கிடாரிகள் ஈன்றன. பால் சுத்தம், இனிக் கன்றுக்கே என்று மரகதம் அறிவித்தாள். வரிசை அசையவில்லை.

"பச்சக் கன்னு டாக்டரம்மா, செரிக்குமா?"

"போன வருசம் பட்டது பத்தாதா? எதுக்குங் வம்பு?"

நாச்சிமுத்து வாசலை மறித்துக் கைகளை விரித்தார். "இது கன்னோட பாலுங். போங்க எல்லாரும்."

வரிசையின் முதலில் நின்ற ரங்காத்தாள் தூக்குவாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"தள்ளுங்க மாமா. கன்னு மேல உங்களுக்கு மட்டுந்தான் அக்கறையா?"