குனிந்த முகம்

பட்டப்பகலில் அந்த வீட்டை இருட்டாக்கிக்கொண்டிருந்தார்கள். நகைக் கொள்ளையைப் பற்றித் தொலைக்காட்சிக்காக எடுக்கும் துப்பறியும் படம். துப்பறிவாளர் விடியவிடியக் கண்விழித்து யோசிக்கும் காட்சி என்பதால் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்தாயிற்று. வெகுநாள் பூட்டிக் கிடந்த வீடு. அந்துருண்டையும் ஈர மரமும் கலந்த வாசனை தொண்டைவரை இறங்கியது.

படப்பிடிப்புச் சாமான்களுக்குப் பொறுப்பானவரை எல்லோரும் ஆணி என்றே கூப்பிடுவார்கள். எந்நேரமும் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு திரிகிறவர். அன்று அவர் ஒரே ஒரு பொருளை மறந்துவிட்டார். சுவரில் நடுநாயகமாக மாட்ட வேண்டிய கொள்ளைக்காரியின் புகைப்படம்.

“போட்டோ ரெடியா?” இயக்குநர் கத்தினார்.

“ரெடி சார்!”

வாய் முந்திக்கொண்டது. இனி எங்கே போய்த் தேடுவது? வீட்டுக்காரர் தொடக்கூடாது என்று சொல்லியிருந்த மாடி அறையில் ஒரு பெண்ணின் பழைய படம் தொங்கியது. எதிரே நிற்பவரை நேருக்கு நேராகப் பார்க்கும் கண்கள். ஆணி அதைக் கழற்றி, கண்ணாடிமேல் சிவப்பு மையால் ‘திருடி’ என்று எழுதிக் கீழே கொண்டுவந்து மாட்டினார். வேலை முடிந்ததும் துடைத்து வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

முதல் ஷாட் முடிந்தது. ஷாட்டுக்கு ஷாட் பொருள்கள் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கென்றே ஒரு பெண் இருந்தாள். அவள் தன் கைபேசியில் எடுத்த படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அண்ணே, போட்டோவ மாத்திட்டீங்களா?”

“நான் ஏம்மா மாத்தறேன்?”

“முன்னாடி நேரா பாத்தாங்க. இப்ப கீழ பாக்கறாங்கண்ணே.”

“லைட்டு சூட்டுல உனக்குக் கண்ண இருட்டுது. போய்த் தண்ணி குடி.”

சொன்னாரே தவிர, அவரும் ஓரக்கண்ணால் சுவரைப் பார்த்தார்.

அடுத்த ஷாட்டில் முகவாய் மார்பைத் தொட்டிருந்தது.

அதற்கும் அடுத்ததில் முகமே இல்லை.

வகிடு மட்டும் தெரிந்தது.

ஒலிப்பதிவாளர் காதுக்கருவியைக் கழற்றினார். “யாருப்பா அழறது?”

யாரும் அழவில்லை.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

“அது எங்க அக்கா,” என்றார். “வேல பாத்த வீட்டுல நகை காணோம்னு அவ மேல பழி போட்டாங்க. எடுத்தவன் வேற ஒருத்தன். அது தெரியறதுக்குள்ள அக்கா போயிட்டா. கடைசிவரைக்கும் வெளிய தல காட்டல. படத்துலயாவது நிமிந்து இருக்கட்டும்னுதான் மாட்டி வெச்சிருந்தேன். யாரு எடுத்தது?”

இயக்குநர் மெல்லத் திரும்பினார். ஆணி வாயில் கவ்வியிருந்ததைக் கையில் எடுத்தார். இங்கிருந்து விரட்டினால் வேறெவனும் வேலைக்குக் கூப்பிட மாட்டான்.

“இந்தப் பொண்ணுதான் சார். மாடிக்குப் போனத நான் பாத்தேன்.”

“அண்ணே…” என்றாள் அவள். இயக்குநர் வாசலைக் காட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாள்.

சுவரில் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

படத்தில் இருந்தவள் நிமிர்ந்திருந்தாள்.

ஆணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது. எதிரே வந்தவர்களை ஏறிட்டுப் பார்க்கக்கூட முடியவில்லை. கதவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை அடித்தது. அவர் வீட்டில் அந்துருண்டை வாங்கியதே இல்லை.

கூடத்தில் இறந்துபோன அம்மாவின் படம். அவர் அடித்த ஆணியில், அவர் மாட்டிய படம்.

வகிடு மட்டும் தெரிந்தது.

“நான்தாம்மா எடுத்தேன்,” என்று முணுமுணுத்தார். “அந்தப் புள்ள இல்லம்மா.”

அம்மா நிமிரவில்லை. கண்ணாடிமேல் சிவப்பாக அதே சொல். கையெழுத்து அவருடையதுதான்.

மை இன்னும் காயவில்லை.