பெரட்டுக்கு வராதவர்

இதனால் உலகத் தமிழினத்துக்குப் பொதுவாகவும், கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களுக்குச் சிறப்பாகவும் அறிவிக்கப்படுவது யாதெனில்: தமிழர் மேன்மைக் கழகத்தின் தேசியத் தலைவர், சமுதாயச் சுடர், டத்தோ சிவநேசன் அவர்கள் ஓய்வெடுக்கப் போகிறார்.

எதிலிருந்து ஓய்வு என்று செயலவையில் யாரும் கேட்கவில்லை.

கழகத்தின் பிரிக்பீல்ட்ஸ் மாடியறையில் கையெழுத்தாகி வாட்சாப்பில் வந்த அறிக்கை, இதை ‘வசந்தகால ஆற்றங்கரை இளைப்பாறல்’ என்றது. இந்த நாட்டில் வசந்தம் கிடையாது. மழை உண்டு, மழைக்கு முந்திய வேர்வை உண்டு. ஆனாலும் டத்தோ வசந்தம் என்று சொல்லிவிட்டால் வசந்தம்தான்.

அடுத்த மாதம் கழகத் தேர்தல். எதிர்த்து நிற்பவர் துணைத் தலைவர் வீரப்பன். டத்தோவின் பலமெல்லாம் ஒரே ஒரு கதையில் இருந்தது: அவருடைய தகப்பனார் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய பெரிய கிராணி, வெள்ளைக்காரத் துரைக்கே ஆங்கிலக் கடிதம் திருத்திக் கொடுத்தவர். முப்பது வருடமாக மேடைதோறும் சொன்ன கதை. அது பொய் என்று தெரிந்தவர், அதே தோட்டத்தில் வளர்ந்த டிரைவர் ரெங்கசாமி மட்டும்தான். வாயை மூடிக்கொண்டிருப்பதும் அவருடைய வேலைகளில் ஒன்று.

ஓய்வுக்கு இடம் பார்த்துக் கொடுத்தவரும், கூடவே கிளம்பியவரும் வீரப்பன். வேன் காப்பார் ஊரைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பியபோது டத்தோவின் முகம் மாறியது. ஆற்றோரமாக ஒரே வரிசையில் பத்து லயத்து வீடுகள், ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்தவை. வெள்ளையடித்து, ஏர்கோன் மாட்டி, ‘ஹெரிடேஜ் சாலே’ என்று பலகை தொங்கவிட்டிருந்தார்கள்.

“டத்தோ, இது நம்ம தோட்டம்,” என்றார் ரெங்கசாமி மெதுவாக.

“வாய மூடு லா.”

விடுதி மேனேஜர் லோகேஸ்வரி குளிர்ந்த டவலும் சின்னப் பொட்டலமும் கொடுத்தார். பொட்டலத்துக்குள் காதில் அடைக்கும் பஞ்சு.

“காலையில அஞ்சு மணிக்கு வெளியில கொஞ்சம் சத்தம் கேட்கும் அங்கிள். பேரு கூப்பிடுவாங்க. நீங்க பதில் மட்டும் சொல்லிடாதீங்க.”

டத்தோ அந்த எச்சரிக்கையில் ஒரே ஒரு பிழையைத்தான் கவனித்தார்.

“அங்கிள் இல்லம்மா. டத்தோ. சுல்தான் குடுத்த பட்டம்.”

அது பெரட்டு என்று ரெங்கசாமிக்கு மட்டும் புரிந்தது. தோட்டத்துக் காலை ஆள்கணக்கு. விடியுமுன் தண்டவாளத் துண்டைத் தட்டி, ஆட்களை வரிசையில் நிறுத்தி, கங்காணி பேர் கூப்பிடுவார். பதில் சொன்னவனுக்கு வேலை. பதில் சொல்லாதவன் பேரை அடித்துவிட்டால் வீடும் போகும்.

பதினான்கு வயதில் சிவநேசனின் பேர் அந்தப் புத்தகத்தில் ஏறியது. முதல் நாள் பெரட்டுக்கு முன்பே லோரி ஏறிக் கிள்ளானுக்கு ஓடிப்போனார். அப்பா பக்கிரிசாமி, பேரை அடிக்க விடவில்லை. “நாளைக்கு வந்துருவான்யா” என்று தினமும் கங்காணியிடம் கெஞ்சி, மகனுடைய ரப்பர் மரங்களையும் சேர்த்துத் தானே பால் வெட்டினார். மூன்றாவது வருடம், தோளில் நாலு வாளிப் பாலோடு இதே ஆற்றைக் கடந்தபோது வெள்ளம் இழுத்துக்கொண்டது. செய்தி வந்த அன்று மகனுக்குப் பேச்சுப் போட்டி. தலைப்பு, ‘தந்தை சொல் மிக்க மந்திரமில்லை’. முதல் பரிசு.

டங்.

ரெங்கசாமி கண்ணைத் திறந்தார். மணி ஐந்து.

டங். டங்.

வாசலில் பனிமூட்டம். அதற்குள்ளிருந்து ஒட்டுப்பால் நாற்றம் குப்பென்று வந்தது. இப்போது இருபது மைலுக்கு ஒரு ரப்பர் மரம் கிடையாது.

“இராஜம்மா.”

“இருக்கேங்க.”

“சின்னையா.”

“இருக்கேங்க.”

இருமல்கள். வாளிகள் உரசும் ஓசை. நிறையப் பேர் நிற்கிறார்கள். ஒருவரும் கண்ணுக்குத் தெரியவில்லை.

“பக்கிரிசாமி.”

“இருக்கேங்க.” அந்தத் தொண்டைக்குள் தண்ணீர் தளும்பியது.

“பக்கிரிசாமி மவன் சிவநேசன்.”

பதில் இல்லை.

பிறகு அதே ஈரக் குரல், கெஞ்சலாக: “நாளைக்கு வந்துருவான்யா.”

முதல் சாலேயின் கதவு திறந்தது. டத்தோ பட்டுச் சட்டையில் நின்றார். காதில் பஞ்சில்லை, கைத்தட்டல் கேட்டுப் பழகிய காதை அவர் ஒருபோதும் அடைப்பதில்லை. பக்கத்து வாசலில் வீரப்பன். அவர் கையில் ஃபோன், பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

“பக்கிரிசாமியா?” வீரப்பன் சிரித்தார். “கிராணியார் பேரு அதுதானா தலைவரே? கிராணி பெரட்டுல வரிசையில நின்னாரா?”

ரெங்கசாமி ஓடிப்போய் டத்தோவின் கையைப் பிடித்தார். “ஒண்ணும் பேசாதீங்க. உங்க அப்பா இன்னும் உங்களுக்காகச் சொல்லிக்கிட்டு இருக்காரு. அவரே சொல்லட்டும். விடிஞ்சா சரியாயிரும்.”

“சிவநேசன்!” கங்காணியின் குரல் அருகில் வந்தது. “டேய், சிவநேசன்!”

ஐம்பத்திரண்டு வருடம் காப்பாற்றிய மௌனம். இன்னும் ஒரு நிமிடம் தாங்கியிருந்தால் போதும். வீரப்பனின் ஃபோனுக்கு முன்னால் ‘டேய்’ என்பதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

“எவன்டா அது? டத்தோ சிவநேசன்னு சொல்லுடா!”

எல்லா ஓசையும் நின்றது.

தாளில் பென்சில் கீறியது.

“வந்துட்டான்யா,” என்றது ஈரக் குரல். அதில் அப்படியொரு நிம்மதி. “எம்மவன் வந்துட்டான்.”

டத்தோவின் வலது தோள் இறங்கியது, யாரோ பாரம் ஏற்றியதுபோல. பிறகு இடது தோள். வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தார். ரெங்கசாமி இழுத்துப் பார்த்தார். பிடித்த கை பிசுபிசுத்தது. படியில் டத்தோ ஒரு தடவை திரும்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

வெள்ளையாகப் பால் வழிந்தது.

பனி மூடிக்கொண்டது.

போலீஸ் மூன்று நாள் ஆற்றைத் துழாவியது. கரையில் நாலு வாளி கிடைத்தது, நுரை அடங்காத பாலோடு. கழகம் இரண்டு நிமிடம் மௌனம் காத்தது; வீரப்பனுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்க்க அது போதுமானதாக இருந்தது. அவர் போட்டியின்றித் தலைவரானார். அந்தப் பதிவை ஒரே ஒரு முறைதான் போட்டுப் பார்த்தார். அதில் கடைசியாகக் கூப்பிடப்படுவது வீரப்பனுடைய பேர். இப்போது உறங்கும்போதும் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார்.

ஆற்றங்கரையில் அறைகள் இன்னும் கிடைக்கின்றன. ஐந்து மணிக்குப் பேர் கூப்பிடுகிறார்கள். பக்கிரிசாமியின் குரல் கேட்பதில்லை. ஓய்வு கடைசியில் அவருக்குத்தான் கிடைத்தது. மகன் தினமும் ஒழுங்காக, “இருக்கேங்க” என்கிறார்.

டத்தோ என்று யாரும் கூப்பிடுவதில்லை.