கை தெரியோணும்

மதி, இதை முழுதும் படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. நடுவில் மட்டும் நிறுத்திவிடாதே. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் போர்டிகோவில் நிற்கும் அப்பாவின் காருக்குள் உட்கார்ந்து டைப் செய்கிறேன். ஏன் காருக்குள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடன் காங்கேயம் போயிருந்தேன். அங்கே ஊருக்கு வெளியே மூடிக் கிடக்கும் ஒரு தேங்காய் எண்ணெய் மில்லை அப்பா வாடகைக்கு எடுத்திருக்கிறார். உங்கப்பா என்னதான் வேலை செய்கிறார் என்று நீ என்னை ஒருமுறை கேட்டாய். நம் கோயமுத்தூர் கம்பெனிகள் மோட்டார் மாட்டவும் மிஷின் ஓட்டவும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகின்றன இல்லையா, அங்கே எந்த ரோடு ஆபத்து, எந்த ஊரில் இருட்டிய பிறகு வெளியே போகக்கூடாது என்று பார்த்துச் சொல்வது அப்பாவின் தொழில். "ஜோசியந்தானுங்களே" என்று எங்கள் பெரியப்பா கிண்டல் செய்வார். போகிற ஆட்களுக்கு ஒரு நாள் பயிற்சியும் உண்டு. துப்பாக்கி வைத்திருப்பவன் வண்டியை நிறுத்தினால் என்ன செய்வது, பிடித்துக்கொண்டு போனால் எப்படி நடந்துகொள்வது. அந்தப் பயிற்சிதான் மில்லில் நடக்கும். டீ வாங்கித் தரவும் வீடியோ எடுக்கவும் நான் கூடப் போவேன்.

அன்று வந்தவர்கள் ஒரு நூல் மில்லின் ஆட்கள், ஆறு பேர். எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை. வம்சி என்று ஒரு பையன் வாயை மூடவே இல்லை.

காலையில் களத்தில் கயிறு கட்டி, அதைச் செக்போஸ்ட் என்று வைத்துக்கொண்டோம். வாட்ச்மேன் கம்போடு சிப்பாய். எங்கள் கார்தான் பயிற்சி வண்டி. முன் சீட்டில் ஒவ்வொருவராக உட்காரவைத்து அப்பா சொல்லிக்கொடுத்தார்.

"ரெண்டு கையும் டேஷ்போர்டு மேல வைங்க. கை தெரியோணும். கை மறைஞ்சுதுன்னா அவன் துப்பாக்கின்னுதான் நெனப்பான். பாஸ்போர்ட்டே எடுக்கறதா இருந்தாலும் மொதல்ல கேளுங்க. எடுக்கட்டுங்களான்னு. அவன் தலையாட்டோணும். அப்பறம் மெதுவா, ரெண்டு வெரல்ல."

"தமிழ்ல கேட்டா அவனுக்குப் புரியுமுங்களா சார்?" என்றான் வம்சி.

"வார்த்தை புரியாட்டிப் போச்சாது. கேக்கற மூஞ்சி புரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உங்கப்பா ஞாபகம் வந்தது. பம்பு கம்பெனி வேலையாகப் போன இடத்தில், ஆப்பிரிக்காவில் அந்தப் பாலைவன ரோட்டில் அவர் செத்தது இதனால்தானே. செக்போஸ்டில் பாஸ்போர்ட்டை எடுக்கச் சட்டைப் பாக்கெட்டுக்குக் கையைக் கொண்டுபோனார். சுட்டுவிட்டார்கள்.

மத்தியானம் குடோனுக்குள் இரண்டாவது பயிற்சி. கடத்திக்கொண்டு போனவன் தலையில் பையை மாட்டி உட்காரவைத்தால் பதறாமல் இருக்கப் பழகுவது. ஷட்டரை இறக்கினால் அங்கே உச்சி வெயிலிலும் இருட்டுதான், ஆள் நிழல்போலத்தான் தெரியும். மில் மூடி எத்தனை வருஷமோ, காறிப்போன எண்ணெய் வாடை மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை. நடுவில் நீள பெஞ்சு. அதில் எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் இருந்து கறுப்புத் துணிப்பைகளை ஒவ்வொரு தலையாக மாட்டிக்கொண்டு போனேன்.

"மூட்டைக்குள்ள கொப்பரை வாசமுங்க. கடத்தறவன் சட்னி அரைப்பானாட்ட இருக்குது" என்றது வம்சியின் பை.

வம்சிக்குப் பக்கத்தில், பெஞ்சின் ஓரத்தில் இருந்தவருக்குப் பை இல்லை. அவசரத்தில் ஒன்றைக் குறைவாகக் கொண்டுவந்துவிட்டேன் போல என்று நினைத்தேன். மூலையில் கிடந்த பழைய சாக்கு ஒன்றை உதறி, அவர் தலையில் மாட்டினேன். மாட்டும்போது விரல் அவர் முடியில் பட்டது. முடிக்குள் மண் இருந்தது. மாவு மாதிரி நைசான வெள்ளை மண்.

காங்கேயத்து மண் சிவப்பு, மதி.

அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அப்பா ஒரே ஒரு டார்ச்சோடு வந்தார். முன்பக்கம் நடந்தபடி ஒவ்வொரு தோளாகத் தட்டி, "கை" என்பார். தட்டப்பட்டவர் இரண்டு கையையும் விரித்து மெதுவாகத் தூக்க வேண்டும். எல்லோரும் சரியாகத் தூக்கினார்கள். ஓரத்துக்கு வந்தார். தட்டினார்.

"கை."

இடது கை உயர்ந்தது. வலது கை சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது.

"பாக்கெட்டுக்குப் போவக்கூடாதுங்க. காலையில சொன்னேனே. கை தெரியோணும்."

மறுபடி தட்டினார். மறுபடியும் வலது கை பாக்கெட்டுக்குள் போனது. துணிக்குள் விரல்கள் துழாவும் சத்தம் எனக்குக் கேட்டது.

அப்பா டார்ச்சை அந்தச் சட்டை மேல் அடித்தார்.

நீலச் சட்டை. பாக்கெட்டுக்கு மேலே பம்பு கம்பெனியின் பேர்.

அப்பா டார்ச்சை அந்தச் சட்டையை விட்டு எடுக்காமலே பின்னால் நகர்ந்தார். எங்கப்பா பதினெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். அவர் பின்வாங்கி நான் பார்த்ததே இல்லை.

"தேஜு, ஷட்டரத் தூக்கு."

ஓடிப்போய்த் தூக்கினேன். வெயில் உள்ளே வந்தது. ஆறு பேரும் பைகளைக் கழற்றிக்கொண்டு கண்ணைக் கசக்கினார்கள். ஓரத்தில் அந்தச் சாக்கு மட்டும் பெஞ்சில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே தலை இருப்பது மாதிரி உப்பலாக. பிறகு மெதுவாக அமுங்கியது.

வம்சி பக்கத்தில் பார்த்துவிட்டு, "எங்கீங்க சார், இங்க இருந்தவரு?" என்றான்.

அப்பா குனிந்து பெஞ்சுக்கு அடியில் டார்ச் அடித்தார்.

"பாவமுங்க, ஒண்ணுமே தெரியல அவருக்கு. எங்க கை வைக்கோணுமுங்கன்னு எங்கிட்ட மெதுவாக் கேட்டுட்டே இருந்தாரு. காலையில கிளாசுக்கு வரலையாட்ட இருக்குது."

அப்பா பயிற்சியை அதோடு முடித்துவிட்டார். எல்லோரும் நூல் மில் வேனில் போனார்கள். வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அப்பா காரை எடுத்தார். நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். முன் சீட்டுப் பக்கம் போகவே கால் வரவில்லை. பல்லடம் தாண்டி ஒரு பேக்கரியில் நிறுத்தினார். டீயை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார், ஆடை கட்டியது.

"ஏனுங்கப்பா, அது மதியோட அப்பாதானுங்களே?"

டீயை அப்படியே மண்ணில் கொட்டினார்.

"மாசாணத்துக்குக் கிளாஸ் எடுக்கலை கண்ணு."

எனக்குப் புரியவில்லை.

"மொதல்ல போனவனுக்கு அங்க மஞ்சக்காமாலை. அடுத்த நாளே வேற ஆள் போயாகோணும்னாங்க கம்பெனில. மாசாணம் பாஸ்போர்ட் ரெடியா வச்சிருந்தாரு. ஒரு நாள் கிளாஸ்தானுங்களே, எடுத்தமாதிரி சர்ட்டிபிகேட் போட்டுக் குடுத்துருங்கன்னாங்க. போட்டுக் குடுத்துபோட்டேன்."

"எழவு ஊட்டுல எல்லார் முன்னாலயும் சொன்னீங்களே. நாங்க படிச்சுப் படிச்சுச் சொல்லிக்குடுத்தோம், அவரு கேக்கலைன்னு."

"சொன்னேன்."

"ஏனுங்கப்பா?"

"உண்மையச் சொன்னா நாளைக்கு எவன் எங்கிட்ட ஆள் அனுப்புவான்? உம்பட படிப்பு, இந்த ஊடு, எல்லாம் இதுலதான் நிக்குது அம்மணி. செத்தவரு திரும்பி வரப்போறாரா?"

சொல்லி முடித்ததும் அவரே காரைத் திரும்பிப் பார்த்தார்.

முன் சீட்டுக்கு எதிரே, டேஷ்போர்டு தூசியில் ஒரு கைத்தடம் இருந்தது. விரல்கள் விரித்து, அழுத்தமாக. காலையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் இரண்டு கையும் வைத்தவர்கள். அவர்கள் போன பிறகு வாட்ச்மேன் களத்தைக் கூட்டியதில் டேஷ்போர்டு மேல் புதுத் தூசி படிந்திருந்தது. அந்தத் தூசியில் இடது கை மட்டும்.

அப்பா துண்டால் துடைத்தார். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது திரும்ப இருந்தது.

அதற்கு மறுநாள் க்ளாசில் நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? அன்புக்கரசி மிஸ், அப்பா பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார். நீ பேப்பரைக் கசக்கி டெஸ்க்குக்குள் போட்டுவிட்டு என்னிடம் சொன்னாய்: "எங்கப்பனுக்குக் காது இருந்துச்சுடி. கேக்கற புத்திதான் இல்ல. சின்னப் புள்ளைக்குச் சொன்னாக்கூடக் கேக்கும். அந்தாளு தானாப் போயிச் செத்துச்சு." நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அப்பா சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் காரை விட்டு இறங்குவதில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். ஒருநாள் செடிக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி பக்கத்தில் போய் நின்று கேட்டேன்.

"ரெண்டு கையும் மேல வைங்க மாசாணம். ஆமா, அதும் வைங்க. பாக்கெட்டுக்குப் போவாதீங்க. மொதல்ல கேளுங்க. எடுக்கட்டுங்களான்னு கேக்கோணும்."

வியர்வையில் நனைந்தபடி, காலியான சீட்டைப் பார்த்து, தன் இரண்டு கையையும் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். கொடுக்காத வகுப்பை இப்போது கொடுக்கிறார், மதி. உங்கள் வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்ல அவரால் முடியவில்லை. இதைச் செய்ய முடிகிறது.

நேற்றுச் சாயங்காலம் அவர் முகம் தெளிந்திருந்தது. "கத்துக்கிட்டாரு" என்று என்னிடம் மட்டும் சொன்னார். "போலாம்னு சொல்லிட்டேன். இனி வரமாட்டாரு." சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினார். இன்றைக்கும் தூங்குகிறார்.

இன்று ஸ்கூலில் நீ சொன்னாய், நாளைக்கு உங்கப்பாவுக்கு வருஷம், உங்கம்மா சாமி கும்பிடட்டும், நான் அந்தப் போட்டோ முன்னால் நிற்க மாட்டேன், ட்யூஷன் போய்விடுவேன் என்று. எல்லோரும் படுத்த பிறகு சாவியை எடுத்துக்கொண்டு வந்து காரைத் திறந்தேன். தடம் இல்லையென்றால் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

இருக்கிறது.

இப்போது இரண்டு கை.

இடதும் வலதும், பக்கத்தில் பக்கத்தில், விரல் விரித்து. அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரியே. வந்த ஆட்களில் ஒருவர்கூட இவ்வளவு சுத்தமாக வைத்ததில்லை.

நான் டிரைவர் சீட்டில் இருக்கிறேன். பக்கத்து சீட்டின் மெத்தை அமுங்கியிருக்கிறது. காருக்குள் காறின எண்ணெய் வாடை.

அதனால்தான் இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் பக்கத்தில் வைத்துச் சொன்னால்தான் என்னால் முழுதாகச் சொல்ல முடியும் என்று தோன்றியது. உங்கப்பா சொன்னதைக் கேட்காத ஆள் இல்லை மதி. அவருக்கு யாருமே சொல்லவில்லை. எங்கப்பா சொல்லவில்லை. சொன்னதாக ஊர் முன்னால் சொன்னார். நீ ஒரு வருஷமாக உங்கப்பாவைத் திட்டியதெல்லாம் எங்களுக்கு வந்து சேர வேண்டியது.

இதுவரைக்கும் டைப் செய்தபோது காதருகே யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. போன் சூடு என்று நினைத்தேன்.

மூச்சு இல்லை.

கேட்கிறார்.

"எடுக்கட்டுங்களா?"

அவ்வளவு பணிவாக. உங்கள் வீட்டுக்கு வந்தால் "சாப்பிட்டுப் போ கண்ணு" என்பாரே, அதே குரல்.

மறுபடி கேட்கிறார்.

"எடுக்கட்டுங்களா?"

அப்பாவிடம் ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை. நான் என்ன சொல்ல வேண்டும் என்றும் தெரியவில்லை. தலையாட்டும்வரை அவர் கையை எடுக்க மாட்டார். அப்படித்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"எடுங்க அங்கிள்" என்றேன்.

வலது கைத்தடம் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூசி மூடிவிட்டது. இடது கை அப்படியே இருக்கிறது.

இப்போது துணிக்குள் விரல்கள் துழாவும் சத்தம் கேட்கிறது. மெதுவாக, இரண்டு விரல். நிற்கவே இல்லை.

அவர் தேடுவது கிடைக்கவில்லை போல இருக்கிறது மதி. அனுப்புகிறேன். நாளைக்கு ட்யூஷன் போகாதே.