ஒரு முழப் படுக்கை

சுண்ணாம்பு அடித்து, காடி தெளித்து, மூன்று நாள் காற்றாட விட்ட கப்பலில் பால் புளித்த வாடை வரக் கூடாது. லவினியா என்ற இந்தக் கப்பலின் கீழ்த்தளத்தில் வந்தது. ஆம்புரோஸ் டிரெகார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். இந்த மாதிரி ஜனங்கள் ஏறி இறங்கிய கப்பல் வேறு எப்படி நாறும்.

பிளிமத் துறைமுகத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேற்றக்காரர்களை ஏற்றி அனுப்புவது அவன் வேலை. கார்ன்வால் சுரங்கத் தொழிலாளிகளும் உழவர்களும் பெட்டியும் சட்டியுமாக வந்து நிற்பார்கள். அவர்கள் முகம் அவனுக்குத் தெரியாது, அகலம்தான் தெரியும். பெரியவர் ஒருவருக்கு ஒரு முழ அகலப் பலகை. பதினான்கு வயதுக்குள் இரண்டு பேர் சேர்ந்தால் ஓர் ஆள். ஒரு வயது நிரம்பாதவை ஆளே இல்லை. அவற்றுக்குப் பலகை கிடையாது, ரொட்டி கிடையாது, பட்டியலில் பெயரும் கிடையாது. சட்டத்தில் அவனுக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். பெற்றுத் தள்ளுவது அவர்கள், இடம் தேடுவது நானா என்பான்.

இன்று அந்த வரியில்தான் சிக்கல். சுரங்கக்காரன் ஒருவனின் மனைவி தாமசின் பெங்கெல்லி, ஒன்பது மாத இரட்டைக் குழந்தைகளை இரண்டு இடுப்பிலும் வைத்துக்கொண்டு, மேல்தளத்திலிருந்து ஓரடி இறங்க மாட்டேன் என்று நின்றாள். அவள் பின்னால் இன்னும் ஒன்பது குடும்பங்கள். மாலையில் கடல்நீர் ஏறும்போது கப்பல் கிளம்பியாக வேண்டும். பத்துக் குடும்பமும் கரைக்குத் திரும்பிவிட்டால் நாளை அவன் நாற்காலியில் வேறொருவன் உட்காருவான்.

"எங்க ரெண்டு பேருக்கு ரெண்டு முழம், சரிங்கய்யா. இதுங்களை எங்க போடறது? நாலு மாசப் பயணம்."

"மடியில போடு. உன் குடிசையில என்ன, அரண்மனைக் கட்டிலா போட்டு வெச்சிருந்த?"

"தூங்கும்போது மடி ஏதுங்கய்யா? இவரு புரண்டா நசுங்கிடும்."

"அப்ப அவனைப் புரளாம தூங்கச் சொல்லு."

யாரும் சிரிக்கவில்லை. "நீங்க ஒரு தடவ படுத்துக் காட்டுங்க. அப்புறம் இறங்கறோம்" என்றாள் அவள்.

அதனால்தான் இந்த மத்தியானத்தில், கப்பல் தச்சன் ஜேகோவின் விளக்குக்குப் பின்னால், அவன் இந்த இருட்டுக்குள் நின்றுகொண்டிருந்தான். பலகைகளை அடித்தவன் ஜேகோ. போன பயணம் முழுக்கக் கப்பலில் இருந்தவனும் அவன்தான்.

"போன தடவ இருபத்திமூணு சின்னப் பொதி கடல்ல விட்டோம்" என்றான் ஜேகோ. "எல்லாம் ராத்திரி நசுங்கினதுங்க."

"இருநூத்திப் பதினாலு பேர் ஏறினாங்க, இருநூத்திப் பதினாலு பேர் இறங்கினாங்க. காகிதம் என்கிட்ட இருக்கு. இல்லாத ஆளு எப்படிய்யா சாவான்?"

ஜேகோ வாயைத் துடைத்துக்கொண்டான். "அதையேதான் நானும் அதுங்ககிட்ட சொல்லிப் பாத்தேன்."

காலையிலேயே குடித்திருக்கிறான் என்று டிரெகார் முடிவு செய்தான். "மேல போ. அவங்க காதுல விழற மாதிரி நூறு வரைக்கும் எண்ணு. எழுந்து வர்றேன்."

விளக்கு ஏணியில் ஏறிப் போனது. தளத்தின் நடுத் துவாரத்திலிருந்து வந்த சாம்பல் வெளிச்சம் இரண்டு தூண்களைத் தாண்டாமல் நின்றுவிட, டிரெகார் தொப்பியைக் கழற்றி, பெங்கெல்லிகளுக்கு ஒதுக்கிய இரண்டு முழப் பலகையில் ஏறி மல்லாந்து படுத்து, கப்பலின் விலா எலும்புகள் அலைக்கு மெல்ல முனகுவதையும், மரச் சுவருக்கு அப்பால் தண்ணீர் நாய் நக்குவதுபோல் நக்குவதையும், மேலே ஜேகோ ஏழு, எட்டு என்று சோம்பலாக எண்ணுவதையும் கேட்டுக்கொண்டிருந்தான். தாராளமாகத்தான் இருந்தது. இதற்கா இத்தனை கூப்பாடு.

இருபத்தொன்று, இருபத்திரண்டு.

இடது கையை நீட்டிப் பார்த்தான். நீளவில்லை. பலகை விளிம்பு இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே எதுவோ இருந்தது. ஒரு ரொட்டி அளவு, ஈரத் துணி சுற்றியது, குளிர்ந்தது. தச்சன் விட்டுப்போன கந்தல் என்று நினைத்துத் தள்ளினான். அது தள்ளிய இடத்திலிருந்து திரும்பி வந்து, விலாவோடு ஒட்டிக்கொண்டது.

நாற்பது.

வலது பக்கமும் ஒன்று. பாதங்களுக்கு நடுவில் ஒன்று. கழுத்து வளைவில் ஒன்று, முகம் புதைத்து. மூச்சு இல்லை. எதற்கும் மூச்சு இல்லை. ஆனால் அசைந்தன.

எழப் பார்த்தான். மார்பில் கனம். மேலும் கனம். எத்தனை என்று எண்ணவில்லை; இப்படிப்பட்டவற்றை எண்ணி அவனுக்குப் பழக்கமில்லை.

எண்பது. எண்பத்தொன்று.

ஜேகோ என்று கத்தினான். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

நூறு.

ஏணி முனகியது. விளக்கு வந்தது. மஞ்சள் வெளிச்சம் அவன் கண்ணில் நேராக விழுந்தது. ஜேகோ குனிந்து பலகை முழுவதையும் பார்த்தான். அவனையும் பார்த்தான். பார்வை நிற்காமல் கடந்து போனது.

"அவரு எங்க?" தாமசினின் குரல்.

"தெரியல. வேற ஏணி வழியா மேல போயிருப்பாரு."

"பலகை எப்படி இருக்கு?"

ஜேகோ பலகையில் உள்ளங்கையை வைத்துத் தடவினான். கை டிரெகாரின் வயிற்றின் வழியே போய் மரத்தைத் தொட்டது.

"காலியாத்தான் கிடக்கு. நினைச்சதைவிட அகலம்தான். வாங்கம்மா."

பத்துக் குடும்பமும் இறங்கின. பெட்டிகள் உரசின. யாரோ செருமினார்கள். தாமசின் தயங்கி நின்றாள். பிறகு குனிந்து, ஒரு குழந்தையை மெதுவாகக் கிடத்தினாள். இன்னொன்றையும். அவன் மேல்.

இரண்டும் அழவில்லை. தலை திருப்பி அவன் முகத்தையே பார்த்தன. அவற்றின் தோள்களுக்குப் பின்னாலிருந்து, இருட்டிலிருந்து, நீர் ஊறி வெளுத்த சின்னஞ்சிறு விரல்கள் வந்தன. திறந்த அவன் வாயின் ஓரத்தைப் பற்றின. உள்ளே இடம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க ஆரம்பித்தன.