நாணலுக்குள் ஹாரன்

கோழி இறகு கிடப்பது அந்தப் பக்கத்தில் அதிசயமில்லை. நாமக்கல்லைச் சுற்றித் திரும்பிய இடமெல்லாம் கோழிப் பண்ணைதான். ஆனால் இந்த இறகுகள் நாணலின் உச்சியில், இரண்டு ஆள் உயரத்தில், ரத்தத்தோடு ஒட்டியிருந்தன. அர்ஃபா அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"காத்துல பறந்து வந்திருக்கும், வா" என்றான் நயீம், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

காற்றே இல்லை. அதை எடுத்துச் சொல்லவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கல்யாண நாளுக்கு ஏற்காடு போகலாம் என்று சொல்லி அஸ்தம்பட்டியில் வண்டியை எடுத்தவன், அதை எதிர்த்திசையில் திருப்பி, தன் முதுகில் ஒரு மூட்டையை மாட்டிக்கொண்டு, ஊரே கைவிட்ட சம்பேரி என்ற இந்த ஏரிச் சேற்றுக்குள் அவளை நடக்க விட்டிருக்கிறான். உடம்பெல்லாம் முடியோடு ஆள் மாதிரி நடக்கிற ஒன்றை இங்கே மூன்று பேர் பார்த்தார்களாம். பிக்ஃபுட்டாம். விடிய விடிய வீடியோ பார்த்தால் மூளை இப்படித்தான் ஆகும்.

காலுக்கடியில் சேறு கொழகொழவென்று உள்வாங்கியது. அழுகிய தண்ணீர் வாடையோடு ஈரமான நாயின் வாடை மாதிரி ஒன்று சேர்ந்து வந்து தொண்டையைக் கரித்தது. இரண்டு பக்கமும் நாணல் நெருக்கிக்கொண்டு நின்றதில் வானம் ஒரு கோடாகத்தான் தெரிந்தது. அவர்கள் நடந்தால் பின்னால் எங்கோ நாணல் உரசியது. நின்றால் அதுவும் நின்றது.

திடீரென்று நயீம் அலறினான். சேற்றில் நீளமாக இருந்த ஒரு பள்ளத்தில் கால் வைத்து, கணுக்கால் மடங்கி விழுந்திருந்தான். மறு நிமிடமே சிரித்தான். "அர்ஃபா, விரல் பாரு! அஞ்சு விரல்!"

பள்ளம் அவள் கையை முழங்கை வரை வைத்தாலும் மிச்சமிருக்கும் நீளத்தில் இருந்தது. பயமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம்தான் வந்தது. எலும்பு முறிந்து கிடக்கிறான், சிரிக்கிறான்! போனில் சிக்னலும் இல்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டுவதற்குள் இவனை வெளியே கொண்டு போக வேண்டும்.

அவன் மூட்டைக்குள் கைவிட்டு அந்த ஹாரனை எடுத்தாள். மாமனார் ரஹமத்துல்லா ரஸ்க் விற்கும் வண்டியில் மாட்டியிருந்தது, சிவப்பு ரப்பர் பந்து வைத்தது. வழி தவறினால் அடிக்கலாம் என்று நயீம்தான் கொண்டு வந்திருந்தான்.

"கரைக்குப் போய் ஆள் கூட்டிட்டு வர்றேன். திரும்பி வர எனக்கு வழி தெரியணும், இதை அடிச்சுக்கிட்டே இருங்க. நிறுத்துனீங்கன்னா தேடி வரவே மாட்டேன், சொல்லிட்டேன்."

அவள் நடந்தாள். பாம் பாம். தன் வாப்பாவைப் போலவே இரண்டிரண்டாக அடித்தான். அந்தச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கக் கேட்க அவனைத் திட்டிக்கொண்டே போனாள். திட்டும்போது பயம் கொஞ்சம் குறைந்தது. பின்னால் உரசிக்கொண்டு வந்த நாணல் இப்போது அவளோடு வரவில்லை. அதுவே நிம்மதியாக இருந்தது.

கரையில் மொபெட் ஒன்று நின்றது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் சாக்கை அவிழ்த்துச் செத்த கோழிகளை ஏரிக்குள் கொட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் பண்ணையின் பெயரும் சென்னியப்பன் என்ற பெயரும் தைத்திருந்தது. அவர் வண்டியிலும் அதே மாதிரி ஒரு ரப்பர் ஹாரன்.

"ஏனுங் அம்மிணி, உள்ளயிருந்தா வாரீங்க?" என்றவர் காதைத் தீட்டினார். முகம் வெளுத்தது. "அங்க அடிக்கறது யாருங்க?"

"என் வீட்டுக்காரர். கால் ஒடிஞ்சு கெடக்கறார், வாங்க!"

"அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க சாமி! தீனி போடறப்ப ஹாரன் அடிச்சுப் பழக்கிட்டமுங்க. சத்தம் கேட்டா அது வந்து தின்னுட்டுப் போயிரும். இல்லீன்னா பண்ணைக்குள்ளாறயே வந்துருதுங்க."

அவளுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"தெரிஞ்சே தீனி போட்டீங்களா? ஒருத்தர்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? மனுசங்கதானா நீங்க?"

"சொன்னா இங்க கோழி கொட்டறது வெளிய தெரிஞ்சுருமுன்னு மொதலாளி..."

அவரைத் தள்ளிவிட்டு ஏரியைப் பார்த்துக் கத்தினாள். "நயீம்! நிறுத்துங்க! ஹாரனை நிறுத்துங்க!"

ஹாரன் நின்றது.

சொன்னால் கேட்கிறான், யா அல்லாஹ், ஒரு தடவையாவது சொன்னால் கேட்கிறான் என்று நினைத்தாள்.

"நயீம்?"

தூரத்தில் நாணல் சாய்ந்தது. அப்புறம் கொஞ்சம் கிட்டத்தில். அப்புறம் இன்னும் கிட்டத்தில்.

பாம்.

ஒரே ஒரு தடவை. மெதுவாக. புதிதாகக் கற்றுக்கொள்பவர் அழுத்துவது போல.

பின்னால் மொபெட் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை.

ஹாரன் அடித்தால் தீனி வரும். நன்றாகத்தான் பழக்கியிருந்தார்கள்.

பாம்.

சத்தம் தரையிலிருந்து வரவில்லை. இறகுகள் ஒட்டியிருந்த அந்த உயரத்திலிருந்து வந்தது. நாணல் விலகியது. கொட்டிக் கிடந்த கோழிகளை அது பார்க்கவில்லை. முடி மூடிய கறுத்த கையில் சிவப்பு ரப்பர் பந்து எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் தெரிந்தது. அவளையே பார்த்தபடி இன்னொரு தடவை அதை அழுத்திவிட்டு, அவள் வருவதற்காக அது காத்து நின்றது.